தொலைவில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் அடுக்குமாடி வீட்டை வைத்துக்கொண்டு பெங்களூருவிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர்கள், இடையில் ஆள் வைக்காமல் அதைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியும். ஆனால் பேச வேண்டியதை எல்லாம் குடித்தனக்காரர் சாவி வாங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை அரசின் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் விலக்கு இல்லை. யார் எந்தப் பழுதைப் பார்ப்பது என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், கழிவறைப் பழுது, கீசர், சுவிட்ச், பூட்டு ஆகியவை குடித்தனக்காரர் பொறுப்பு. இந்தப் பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதித் தகராறு வராது. தங்கள் நாளிதழ் இதை ஒருமுறை முழுமையாக வெளியிட்டால் இரு தரப்புக்கும் பேருதவியாக இருக்கும். வீட்டைப் பார்த்துவர உறவினரை அனுப்புவதானாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளர் அருகில் இல்லாத வீட்டை அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். கழிவறையில் ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழுவப் பயன்படும் கைக்குழாய்) தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை, அதாவது சுவரில் உள்ள சிறிய திருகு வால்வை, மூடாமல் விட்டால் அதன் ஹோஸில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அது வெடித்தால் கீழ்வீட்டுக் கூரை ஊறிவிடும். வாஷிங் மெஷின் ஹோஸும் அப்படித்தான். அதனால் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக் குடித்தனக்காரருக்கும் காவலாளிக்கும் அனுப்பி வையுங்கள். நம்பகமான ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் எண்களையும் சேர்த்துக் கொடுங்கள். வீடு காலியாக இருக்கும்போது அந்த வால்வை மூடிவிட வேண்டும். குளியலறைத் தரையின் நானி டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வடிகால் கிண்ணம்) நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலேறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மின் இணைப்பில் உங்கள் கைபேசி எண்ணே பதிவாகி இருக்கட்டும். கட்டணம் பாக்கி நின்றால் உங்களுக்குத் தெரியும். குடி வரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதாலும் யூனிட் கூடக்கூட விலை ஏறுவதாலும், நடுவில் காலி செய்பவரின் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று தகராறு வரும். மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இன்னொன்று. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடித்தனக்காரர் டி.டி.எஸ். (வாடகையிலிருந்தே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், செஸ் எனும் கூடுதல் வரியும் சேர்த்துக் குறைந்தது 31.2 சதவீதம். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்ற வரம்பும் 2 சதவீதமும் உள்நாட்டு உரிமையாளர்களுக்குத்தான். இதற்காகக் குடித்தனக்காரர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) வாங்க வேண்டியிருப்பதால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நியாயம். வரி அவ்வளவு வராது என்றால் வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் பெறலாம். வாடகை என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும்.

உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வாடகைக்கு விடுவது, வாடகை வசூலிப்பது, வாடகை அதிகாரி முன் ஆஜராவது ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை தரும் வரி அதில் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை