படத்தில் இருப்பது எஸ்வி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இத்தாலிய கார்களின் ஏல விலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில் லம்போர்கினி மியூராவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அதிலிருந்த சில செய்திகள் திருத்தப்பட வேண்டியவை. முதலில் படம். அதன் கீழே, மியூராவின் மூன்று வகைகளில் கடைசியான ‘மியூரா எஸ்வி’ என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் படத்திலுள்ள காரின் ஹெட்லைட்டுகளைச் சுற்றி இமைமயிர் போன்ற கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன; பின்சக்கரங்களுக்கு மேலுள்ள உடற்பகுதியும் ஒடுக்கமாகவே இருக்கிறது. எஸ்வியில் அந்த இமைகள் பொதுவாக இருப்பதில்லை. அகலமான பின் டயர்களுக்கு இடம் விடுவதற்காக அதன் பின்பகுதியும் நன்றாகப் புடைத்திருக்கும். ஆகவே படத்தில் இருப்பது 1966இல் வந்த பி400 ஆகவோ, 1968இல் அதன் இடத்தைப் பிடித்த எஸ் ஆகவோ இருக்க வேண்டும். மியூராவைத் தேடுபவர்கள் எஸ்விக்கும் மற்ற இரண்டுக்கும் தரும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு என்பதால், விலையைப் பற்றிய கட்டுரையில் இதைச் சிறு பிழையென்று விட்டுவிட முடியவில்லை.

அடுத்தது, ஓட்டுநருக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே எஞ்சின் வைத்த முதல் சாலைக் கார் மியூராதான் என்ற கூற்று. பிரான்சின் ரெனே பொனே நிறுவனத்தின் ஜெட், இத்தாலியிலேயே ஏடிஎஸ் நிறுவனத்தின் 2500 ஜிடி ஆகியவை சில ஆண்டுகள் முன்பே அந்த அமைப்போடு வந்துவிட்டன. மியூரா செய்த புதுமை வேறு. பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட 3,929 கன செ.மீ. எஞ்சினை அது குறுக்குவாட்டில் வைத்தது. அவ்வளவு நீளமான எஞ்சினை நெடுக்குவாட்டில் வைத்து அதன் பின்னால் கியர்பாக்ஸையும் சேர்த்தால் கார் தேவைக்கு மேல் நீண்டுவிடும். குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை எஞ்சின் வார்ப்போடு ஒன்றாகவே வார்த்ததால்தான் முன், பின் சக்கரங்களின் இடைவெளியை ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் அடக்க முடிந்தது. பிரிட்டனின் மினி கார் 1959இல் ஒரு சிறிய எஞ்சினைக் கொண்டு செய்து காட்டிய உத்தி இது. அதைப் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கு எடுத்துச் செல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாவதாக, என்ஸோ ஃபெராரி அவமதித்ததால் வெகுண்டெழுந்த டிராக்டர் முதலாளி ஃபெருச்சியோ லம்போர்கினி பழிவாங்கப் படைத்ததே மியூரா என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தமது ஃபெராரியின் கிளட்ச் பற்றிக் குறை சொல்லப்போய் மூக்குடைபட்டதாக ஃபெருச்சியோவே பிற்காலத்தில் சொல்லி வந்தார் என்பது உண்மை. 1963இல் போலோனியாவை அடுத்த சாந்தகத்தா போலோனீஸில் அவர் கார் தொழிற்சாலை தொடங்கியதற்கு அந்த வருத்தம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் விரும்பியது சொகுசாக நெடுந்தூரம் ஓடும், முன்பக்கத்தில் எஞ்சின் வைத்த கார்களை. பந்தயத்தில் இறங்கப் பணம் செலவழிக்க அவருக்கு மனமில்லை. முதலில் வந்த 350 ஜிடியும் அடுத்து வந்த 400 ஜிடியும் அப்படிப்பட்டவையே. மியூரா அவருடைய கனவாகப் பிறக்கவில்லை. அது அவரிடம் வேலை பார்த்த மூன்று இளைஞர்களின் ஆசை.

ஜான்பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்டன்ஸானி என்ற இரு பொறியாளர்களும் நியூசிலாந்திலிருந்து வந்த சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் அந்த மூவர். 1965இல் ஒருவருக்கும் முப்பது வயது நிரம்பியிருக்கவில்லை. வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் அவர்கள் வரைந்த திட்டத்தைப் பார்த்த ஃபெருச்சியோ, விற்காவிட்டாலும் விளம்பரமாகவாவது உதவும் என்று அனுமதித்தார். அந்த ஆண்டு நவம்பரில் டூரின் கண்காட்சியில் வைக்கப்பட்டது காரன்று, வெறும் சேஸிஸ். எடையைக் குறைக்க எங்கும் துளையிட்ட எஃகுத் தகட்டுச் சட்டம், அதன் நடுவே குறுக்காக அமர்ந்த எஞ்சின், அவ்வளவுதான். மேலே போர்த்தப்போகும் உடல் எப்படியிருக்கும் என்று தெரியாமலேயே முன்பணம் தர ஆட்கள் வந்தார்கள். அந்த உடலை வரையும் பொறுப்பு பெர்தோனே பட்டறைக்குப் போயிற்று. அங்கே ஜார்ஜெத்தோ ஜுஜாரோ விலகிச் சென்றதால் காலியான இடத்துக்கு வந்திருந்த மார்ச்செல்லோ கந்தீனி அதை வரைந்தார். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் கார் திறந்துவைக்கப்பட்டபோது அவருக்கு வயது 27. (இந்த வடிவில் ஜுஜாரோவின் பங்கு எவ்வளவு என்ற சச்சரவு பல காலம் நீடித்தது, கந்தீனி 2024இல் மறையும்வரை அது முழுதும் அடங்கவில்லை.) ஜெனீவாவில் பார்வையாளர்களை மயக்கிய அந்தக் காருக்குள் எஞ்சின் இல்லை, பாரத்தை ஈடுகட்ட எடை மட்டும் ஏற்றியிருந்தார்கள். பின்மூடியைத் திறந்து காட்டும்படி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை சாக்குகள் சொல்லப்பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு அவசரமாகச் செய்த காரில் குறைகள் இருந்ததில் வியப்பில்லை. தொடக்கக் கார்களின் சட்டத் தகடு மெல்லியதாக இருந்ததால் வளைந்துகொடுத்தது. பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருந்ததால் எரிபொருள் குறையக் குறைய மூக்கு இலேசாகி, வேகத்தில் மேலெழும்பப் பார்த்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டதால், கியர்களிலிருந்து உதிரும் உலோகத் துகள்கள் எஞ்சினுக்குள்ளும் போயின. இரண்டுக்கும் ஆயிலைத் தனித்தனியாகப் பிரித்தது எஸ்வி வகையின் பிற்காலத்துக் கார்களில்தான். எல்லாவற்றிலும் ஆபத்தானது நெருப்பு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும், பந்தயத்துக்கென்று வடிவமைத்த நான்கு வெபர் கார்புரேட்டர்கள், கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது பெட்ரோலைத் தேங்கவிடும். தேங்கியது வழிந்து சூடான பகுதியில் பட்டால் பற்றிக்கொள்ளும். இப்படி எரிந்துபோன மியூராக்கள் உண்டு. 350 குதிரைத்திறனில் தொடங்கி, எஸ் வகையில் 370 ஆகி, 1971இல் எஸ்வி வந்தபோது 385ஐத் தொட்டது என்று திறனின் ஏற்றத்தைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. அந்த ஆறேழு ஆண்டுகளில் பொறியாளர்கள் இந்தக் குறைகளோடு மல்லுக்கட்டிய வரலாற்றை அது தொடவே இல்லை. எஸ்விக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு அந்த வரலாறே விடை. 150 மட்டுமே செய்யப்பட்டதால் வந்த அருமை ஒரு பங்கு என்றால், பின் சஸ்பென்ஷனும் சட்டமும் திருத்தப்பட்டு, மியூரா ஒருவழியாக நம்பி ஓட்டக்கூடிய காராக ஆன இடம் அது என்பது மறுபங்கு.

மொத்தத்தில் 760க்குச் சற்று மேற்பட்ட மியூராக்களே சாந்தகத்தாவிலிருந்து வெளியேறின. எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் ஒரு காருக்கு விலை ஏறிவிடாது. அதைவிடக் குறைவாகச் செய்யப்பட்டு, தேடுவாரற்றுக் கிடக்கும் இத்தாலிய கார்கள் பல. சேகரிப்போர் மியூராவிடம் தேடுவது, அது தொழிற்சாலையை விட்டு வந்த நிலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகின்றனவா, முதலில் பூசிய நிறம் என்ன, உள்ளே தைத்த தோலின் நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். லம்போர்கினி நிறுவனமே 2015இல் போலோ ஸ்டோரிகோ என்ற பிரிவைத் தொடங்கி, பழைய கார்களுக்குச் சான்று வழங்கி வருகிறது. 1969இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஓடிய ஆரஞ்சு நிற மியூரா எது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்து விடை கிடைத்ததும் அந்தப் பிரிவின் வழியேதான். ஆவணங்களையும், படப்பிடிப்புக்கு அந்தக் காரைக் கொண்டுசென்ற முன்னாள் ஊழியரின் நினைவையும் ஒப்பிட்டு, 3586 என்ற சேஸிஸ் எண்ணுள்ள பி400தான் அது என்று 2019இல் உறுதிசெய்தார்கள். அந்தத் திரைப்படத்தில் நொறுங்கிக் கிடப்பது ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வேறொரு மியூரா. ஓடிய கார் சேதமின்றித் திரும்பி, வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை ஜோட்டா. 1970இல் பாப் வாலஸ் பந்தய விதிகளை மனத்தில் வைத்துச் செய்த அந்த ஒற்றை மியூரா, விற்கப்பட்ட பின் 1971இல் விபத்துக்குள்ளாகி எரிந்தழிந்தது. அதைக் கேள்விப்பட்ட செல்வர்கள் தங்களுக்கும் அதுபோல வேண்டும் என்று கேட்க, தொழிற்சாலை சில கார்களை எஸ்விஜே என்ற பெயரில் மாற்றிக் கொடுத்தது. அவற்றைப் பார்த்து வெளிப் பட்டறைகள் சாதாரண பி400களின் பின்பக்கத்தை விரித்து, இமைகளைப் பிடுங்கி, எஸ்வி போலவும் ஜோட்டா போலவும் வேடமிட்டன. அந்தக் காலத்தில் அதைப் பெருமையாக நினைத்தவர்களின் வாரிசுகள் இப்போது பெருஞ்செலவில் அந்த வேடத்தைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில், வேடமிட்ட மியூராவைவிட, பெயின்ட் மங்கி, இருக்கைத் தோல் வெடித்து, ஆனால் கைபடாமல் நிற்கும் பி400 எத்தனையோ மடங்கு மேலானது.

அதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகளோடும் நான் உடன்படவில்லை. பெட்ரோல் குழாய்களையும், கார்புரேட்டரில் தேங்கும் எரிபொருளை வெளியேற்றும் வழியையும் மாற்றுவதைக் கறையாகக் கருதுவது, காரையே சாம்பலாக்கத் துணிவதற்குச் சமம். கழற்றிய பழைய பாகங்களைப் பெயரெழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்தி, விற்கும்போது காரோடு கொடுப்பது நல்ல சேகரிப்பாளர்களின் வழக்கம். ஏல விளக்கத்தில் அந்தப் பெட்டியைப் பற்றிய ஒரு வரி இருந்தால் அந்தக் காரை நம்பலாம் என்பது என் அனுபவமற்ற, ஆனால் பல ஏலப் பட்டியல்களைப் படித்ததால் வந்த எண்ணம்.

எஸ்வி வெளியான அதே 1971 ஜெனீவா கண்காட்சியில்தான், கந்தீனி வரைந்த கூர்முனை லம்போர்கினியான கவுன்டாஷின் முதல் மாதிரியும் பார்வைக்கு வந்தது. மியூரா நிறைவடைந்த நாளிலேயே அதற்கு அடுத்தது வந்து நின்றுவிட்டது. கட்டுரையின் அடுத்த பகுதியில் கவுன்டாஷைப் பற்றி எழுதவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் முதல் மாதிரிக்கும் பின்னர் விற்பனைக்கு வந்த எல்பி400க்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வெளியிட வேண்டுகிறேன். முதலாவதின் பக்கவாட்டில், பிற்காலத்துக் கார்களில் பெரிதாகத் தெரியும் காற்றுத் துளைகள் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்