சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்: வாசகர் வட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்தில் நாம் எடுத்துக்கொண்ட நினைவுக்குறிப்பு நூலின் ஆசிரியரை அடுத்த கூட்டத்துக்கு அழைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அவர் நம் முன்னால் வந்து அமர்வதற்குள், அந்த நூலைப் படித்துவிட்டு நாம் பேசியவற்றைப் பற்றிச் சிலவற்றை உங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். கூட்டத்தில் பேச எனக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. இது நேரில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமும் இல்லை.

நூலை இன்னும் படிக்காத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில், ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில், 1980களில் வளர்ந்த பெண் எழுதிய நூல் இது. தந்தை ரப்பர் மரங்களில் பால் வெட்டும் தொழிலாளி. தாய் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு தந்தை வீடு திரும்பும்போது அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை அந்தச் சிறுமி முற்றத்துச் சத்தத்தை வைத்தே கணித்துவிடுவாள். சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் ஒரே தட்டில் முடிந்தால் எல்லோரும் சோறு உண்ணலாம். அது இரண்டு மூன்று முறை இழுபட்டு, கடைசியில் சைக்கிள் சுவரில் மோதிச் சாய்ந்தால், தூங்கும் தம்பியை எழுப்பிப் பின்வாசலுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். இருட்டும் முன்பே அம்மை வெட்டுகத்தியையும் அம்மிக்குழவியையும் எடுத்துப் பின்புறத்து ஓலைக்கட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். மறுநாள் காலையில் தேங்காய் உடைக்க வேண்டியிருந்தால் அவற்றை எடுத்துவரும்படி மகளிடம்தான் சொல்வார். எதற்காக அவை அங்கே போயின என்று இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இனி நம் எதிர்வினைகளுக்கு வருகிறேன். அன்று பேசியவர்களில் பெரும்பாலோர் இரண்டு பேரைப் பற்றி மட்டுமே பேசினோம். ஒருவர் காலமாகிவிட்ட தந்தை, மற்றவர் அவரைப் பற்றி எழுதிய மகள். தந்தையின் பக்கம் நின்று வாதாடினோம். மகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டோம். ஆனால் அந்த நூலில் மூன்றாவதாக ஒரு தரப்பு தொடக்கம் முதல் முடிவு வரை வருகிறது. பக்கத்து வீடு, எதிர்வீடு, ஊர்ப் பெரியவர், பள்ளிக்கூடம், ஜெபத்துக்கு வந்துபோனவர்கள் என்று சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த எல்லோரும் சேர்ந்த தரப்பு அது. அவர்களைப் பற்றி நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அந்த மௌனம்தான்.

முதலில், "குடிதான் அவரை அப்படி ஆக்கிவிட்டது" என்று பலரும் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். குடி மனிதனைக் கெடுக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நூலில் வரும் அந்த மனிதர் குடித்த நிலையிலேயே தேநீர்க்கடைக்காரரிடம் மரியாதையாகப் பேசுகிறார், வழியில் எதிர்ப்படும் தோட்ட மேற்பார்வையாளருக்கு மடித்துக்கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி வழிவிடுகிறார், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கையை ஓங்குகிறார். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற தெளிவு எந்தப் போதையிலும் அவருக்குக் குலையவில்லை. குடிக்காத நாள்களிலும் அவர் அடித்ததை நூலாசிரியர் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை நாம் எப்படிக் கடந்து வந்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

"விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடுகிறவனின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அந்த உழைப்பை நானும் அறிவேன், மதிக்கிறேன். அதே வீட்டில் தாயும் உழைத்தார். முந்திரிக் கொட்டையின் தோட்டிலிருந்து வழியும் எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். விரல் நுனிகள் வெந்து கறுத்த பெண்களை நம் ஊர்களில் பார்க்காதவர் யாரும் இல்லை. அப்படி வெந்த விரல்களோடு வீட்டுக்கு வந்து, அடுக்களையில் சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டவர் அந்தத் தாய். அவர் யாரையும் அடிக்கவில்லை. உழைப்பின் வலி ஒருவரை அடிக்க வைக்கும் என்றால் அது இருவரையுமே அடிக்க வைத்திருக்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் அடித்தவர்கள்தான், நாமெல்லாம் அடி வாங்கித்தானே உருப்பட்டோம்" என்ற பேச்சுக்கு அன்று கைதட்டலும் கிடைத்தது. நான் ஆசிரியப் பணியில் இருந்தவள். அடியாத மாடு படியாது என்று பெற்றோரே வந்து பிரம்பைக் கையில் தந்த காலத்தைப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட பிள்ளைகள் திங்கட்கிழமை வகுப்பில் எந்த மூலையில் உட்காருவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அடி வாங்கி உருப்பட்டவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுகிறார்கள். அடி வாங்கிப் படிப்பை விட்டவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், தம் பிள்ளைகளை அதே போல் அடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து அடிக்கு நற்சான்று வழங்குவது நியாயமாகாது.

இன்னொரு நண்பர், "மகள் மீது அடி விழுந்த இடங்கள் குறைவுதான், பெரும்பாலும் தாயைத்தானே அடித்திருக்கிறார், அதற்கு ஏன் மகள் இவ்வளவு எழுத வேண்டும்" என்று கேட்டார். இதற்கு மட்டும் ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டுகிறேன். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் பல்லாயிரம் பேரிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைக்கு நேரும் கொடுமைகளின் பட்டியலில், தன் தாய் அடிக்கப்படுவதைக் காண்பதையும் அவர்கள் தனியாகச் சேர்த்திருந்தனர். இத்தகைய அனுபவங்கள் கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதய நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுவதாக அந்த ஆய்வு காட்டியது. தாயின் மீது விழுகிற ஒவ்வொரு அடியும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் உடம்பிலும் இறங்குகிறது.

ஏழு வயதில் நடந்தவை இவ்வளவு துல்லியமாக நினைவிருக்குமா என்ற ஐயத்துக்கு நூலே பதில் சொல்கிறது. எந்த ஆண்டு, எந்த மாதம், அன்று உடன் யார் யார் இருந்தார்கள் என்பவை தமக்கு நினைவில்லை என்று ஆசிரியர் பல இடங்களில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சைக்கிள் சத்தத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. அச்சத்தோடு கேட்டதும் கண்டதும் அப்படித்தான் மனத்தில் தங்கும், சுற்றியிருந்தவை மங்கிப்போகும்.

குறளை மேற்கோள் காட்டியவருக்குச் சற்று விரிவாகப் பதில் எழுத வேண்டும். "இவன்தந்தை என்நோற்றான் கொல்" என்று ஊரார் வியக்கும்படி நடப்பதுதான் பிள்ளை தந்தைக்குச் செய்யும் உதவி என்கிற 70ஆம் குறளைச் சொல்லி, இந்த மகள் அதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டார் என்றார் அவர். மக்கட்பேறு என்னும் அந்த அதிகாரத்தை முழுவதும் படிக்குமாறு வேண்டுகிறேன். மூன்று குறள்களுக்கு முன்னால், 67ஆம் குறளில், "தந்தை மகற்காற்று நன்றி அவையத்து முந்தி யிருப்பச் செயல்" என்று தந்தையின் கடமையை வள்ளுவர் சொல்லிவிடுகிறார். தந்தை செய்ய வேண்டியதை முதலில் வைத்து, பிள்ளை செய்ய வேண்டியதை அதிகாரத்தின் கடைசியில் வைத்த அந்த வரிசையை நான் பொருளுள்ளதாகவே கருதுகிறேன். அவையில் முந்தியிருக்கும்படி அந்த மகளை ஆக்கியது எழுத்து; எழுத்தை அவருக்குக் கொடுத்தது முந்திரித் தோடுடைத்த கூலியில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்த தாய். தாய் தந்தையை மதித்து நடக்கச் சொல்லும் கட்டளையை நினைவூட்டிய சகோதரரும் விவிலியத்தில் எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிக்கலாம். பிள்ளைகளுக்குச் சொன்ன கையோடு தந்தையருக்கும் அங்கே கட்டளை இருக்கிறது.

நம் மாவட்டத்தின் பெயர் கெடும் என்ற கவலையும் எழுந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. இப்படியொரு நூல் இங்கிருந்து வெளிவரலாமா என்று கேட்டார்கள். மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் நின்ற மண் என்று மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். 1859இல் அதை அனுமதித்துத் திருவிதாங்கூர் அரசின் அறிக்கை வருவதற்கு முன், அந்தப் பெண்களையும் ஊர் வழக்கத்தைக் கெடுப்பவர்கள் என்றுதான் சொன்னார்கள். கூட்டம் முடிந்த பிறகு, "எந்த விளையில, யாருக்க மக?" என்று அந்தக் குடும்பத்தையும் சாதியையும் சபையையும் கண்டுபிடிக்க நடந்த முயற்சியைப் பார்த்து மிகவும் வருந்தினேன். ஆசிரியர் ஊர்ப் பெயரை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார். அந்த மறைப்பைக் காப்பாற்றித் தருவது வாசகர்களாகிய நம் பொறுப்பு.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு மாமி சத்தம் கேட்கத் தொடங்கியதும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். காலையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக் கஞ்சியும் பயறும் கொடுப்பார். இரவில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். கஞ்சியின் சூட்டையும் ரேடியோவின் சத்தத்தையும் நூலாசிரியர் ஒரே பத்தியில் எழுதியிருக்கிறார். அந்த மாமியைப் பழித்து ஒரு சொல்கூட இல்லை, அவருக்காகச் சாக்குச் சொல்லும் சொல்லும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருமுறை வந்து திண்ணையில் அமர்ந்து தாயிடம், "நீ கொஞ்சம் பொறுத்துப் போ மக்களே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தந்தையிடம் மழையைப் பற்றியும் ரப்பர்ப் பால் விலையைப் பற்றியும் பேசுகிறார். கன்னத்துக் காயத்தைக் கண்ட ஆசிரியை கேட்கிறார், "விழுந்துட்டேன்" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வருகைப் பதிவைத் தொடர்கிறார். நூலில் என்னை அதிகமாகச் சுட்டவை இந்தப் பக்கங்களே. தந்தை ஒருவர், தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்தவர்கள் ஒரு தெரு முழுவதும்.

அந்தத் தெருவுக்கு அன்று வழி குறைவு என்று ஒருவர் சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அத்தகைய வன்முறை நடந்தது அல்லது நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக வேறொருவரும் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். தம் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அண்டை வீட்டாரை மனத்தில் வைத்தே சட்டம் இவ்வளவு தூரம் எழுதப்பட்டிருக்கிறது. "அடுத்த வீட்டு விஷயத்தில் நாம் எப்படித் தலையிடுவது" என்ற தயக்கம் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாம் கூடிய அறையிலும் அந்த விழுக்காட்டைச் சேர்ந்தவர்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ இருந்திருப்பார்கள்.

இருந்தார்கள். கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாமல் கடைசி வரிசையில் இருந்த ஓர் இளைஞர், நாம் கலைந்த பிறகு படிக்கட்டில் என்னிடம் வந்து, களியக்காவிளைக்குக் கடைசி பஸ் எப்போது என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகும் போகாமல் நின்று, "டீச்சர், எங்க வீட்டுலயும் இதுதான்" என்றார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். உள்ளே நாம் அந்தத் தந்தைக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இந்த வட்டத்தில் தன் கதையைச் சொல்லலாமா கூடாதா என்பதை அவர் அன்று நம் பேச்சைக் கேட்டே முடிவு செய்துகொண்டார்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்காக என் வேண்டுகோள்கள் இவை. அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்ற கேள்வியை யாரும் நூலாசிரியரிடம் கேட்க வேண்டாம். மன்னிப்பது அவரும் அவருடைய தாயும் தம்பியும் முடிவு செய்ய வேண்டியது. அதில் வாசகர்களுக்குப் பங்கில்லை. அப்பாவிடம் இருந்த நல்ல குணங்களையும் எழுதியிருக்கலாமே என்றும் கேட்க வேண்டாம். காய்ச்சல் கண்ட மகளைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு நடந்த இரவை அவர் எழுதித்தான் இருக்கிறார், நாம்தான் அதைக் குறிப்பிடவில்லை. கூட்டத்தின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு மாமி வரும் அத்தியாயத்தை நம்மில் ஒருவர் உரக்கப் படித்து, பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். 181, 1098 என்ற எண்களும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைத் தொடர்புகொள்ளும் விவரமும் நூலக அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக இருக்க நூலகரிடம் அனுமதி பெற வேண்டும். எழுதி ஒட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அழைப்புக் கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை என்று செயலாளர் தெரிவித்தார். நூலாசிரியர் தாம் விரும்பாத எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம் என்பதையும், துணைக்கு யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதி அனுப்புமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்