எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். இங்கிலாந்தின் பிளிமத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நீ தெரிவித்ததும் என் நினைவுக்கு முதலில் வந்தது, அந்த ஊரின் ஹோ என்னும் கடற்கரை மேட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளுடன் நிற்கும் ஸ்மீட்டன் கோபுரம்தான். கட்டடப் பொறியியலைத் தொழிலாக எடுத்துக்கொண்ட நீ, ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கோபுரம் முதலில் நின்றது அங்கே அன்று. கார்ன்வால் கரையின் ரேம் ஹெட் முனைக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டரில், கப்பல்களைப் பலிகொண்டுவந்த எடிஸ்டோன் பாறைகளின் மேல் அது நின்றது. அதற்கு முன் அங்கு எழுப்பப்பட்ட இரண்டு கலங்கரை விளக்கங்கள் அழிந்திருந்தன. ஹென்றி வின்ஸ்டன்லி 1698இல் விளக்கேற்றிய கோபுரத்தை 1703 நவம்பரில் வீசிய பெரும்புயல், அன்றிரவு அதனுள் தங்கியிருந்த அவரோடு சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. அடுத்து ஜான் ரட்யார்ட் 1709இல் முடித்த மரக்கோபுரம் 1755 டிசம்பரில் தீக்கிரையானது.

பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பொறுப்பேற்றது இந்த இரு தோல்விகளுக்குப் பின்னர்தான். ஓக் மரத்தின் அடிமரம் போல அடியில் அகன்று மேலே ஒடுங்கும் வடிவத்தை அவர் தேர்ந்ததைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். பாறையிலேயே படிகள் வெட்டி, ஒவ்வொரு கருங்கல்லையும் அடுத்த கல்லின் குழிவுக்குள் பூட்டிக்கொள்ளும்படி செதுக்கி, பிளிமத்தின் மில்பே பணிமனையில் ஒருமுறை அடுக்கிச் சரிபார்த்த பிறகே படகில் ஏற்றியதையும் சொல்வார்கள். ஆனால், பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களைச் செப்பனிடுவதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, அவருடைய காரைதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது.

சாதாரணச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். பூசிய சில மணி நேரத்திலேயே அலை வந்து மூடும் இடத்தில் அது கரைந்துவிடும். ஸ்மீட்டன் பல ஊர்களின் சுண்ணாம்புக்கற்களை வரவழைத்து, நீற்றி, உருண்டையாகப் பிடித்து நீரில் போட்டுச் சோதித்தார். அமிலத்தில் கரைத்தும் பார்த்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே நீருக்கடியிலும் இறுகும் தன்மை உடையது என்று கண்டார். வெள்ளையாகவும் தூய்மையாகவும் இருக்கும் சுண்ணாம்பே சிறந்தது என்னும் பழைய நம்பிக்கையை அந்தச் சோதனை கவிழ்த்தது. வேல்ஸ் நாட்டு அபர்தாவின் சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பல் மண்ணான பொசலானாவைக் கலந்து தம் காரையை அமைத்தார். நீ நாள்தோறும் கையாளும் போர்ட்லாண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். அங்கே கொண்டு சேர்த்த பாதையில் ஸ்மீட்டனின் இந்த ஆய்வு ஒரு முக்கியமான படி.

1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்திகளுடன் அந்த விளக்கு ஏற்றப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேல் அலை மோதியும் கட்டடம் தளரவில்லை. அதைத் தாங்கிய பாறையைத்தான் கடல் அடியில் அரித்தது. பேரலை அடிக்கும்போதெல்லாம் கோபுரம் அதிரத் தொடங்கவே, பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் இன்னும் உயரமான கோபுரத்தை 1882இல் கட்டி முடித்தார். பழையதை இடித்துத் தள்ளவில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது. பிளிமத் மக்கள் நிதி திரட்டி, அதன் மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து ஹோவில் மீண்டும் அடுக்கினார்கள்.

ஆகவே ஹோவில் நீ காணும் கோபுரத்தின் அடிப்பகுதி புதிது என்பதைக் கவனத்தில் கொள். ஸ்மீட்டன் பாறையோடு பூட்டிய அசல் அடிப்பகுதி, டக்ளஸ் கோபுரத்தின் அருகே இன்றும் கடலில்தான் நிற்கிறது. முதலில் ஹோவில் உள்ளே ஏறி அறைகளைப் பார். வானம் தெளிந்த நாளாயின் மேலிருந்தே எடிஸ்டோன் தெரியும். அதன்பின், கடல் அமைதியாக இருக்கும் கோடையில் யாரேனும் படகில் அழைத்துப் போனால் அந்த அடிக்கட்டையையும் பார்த்துவிட்டு, இணைப்புகள் எந்நிலையில் இருக்கின்றன என்று எனக்கு விரிவாக எழுது. கோடைதானே என்று எண்ணிக் கம்பளிச் சட்டை இல்லாமல் படகில் ஏறாதே.

அன்புடன்,
அப்பா