குடவாசல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கும் ஒன்பது உறுப்பினர்களுக்கும் வணக்கம். அழைப்பு 34 பேருக்கும் போனது. சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் எடுத்தாயிற்று. வயல் வேலை என்ற காரணம் இம்முறை செல்லாது.

சுதந்திர தினம், பொங்கல் விழா, மாணவர் கட்டுரைப் போட்டி வழக்கம்போல் நடந்தன.

இனி குறுக்கெழுத்து. "அது செயலாளரின் சொந்த விளையாட்டு" என்று செயற்குழுவில் பேசப்பட்டதால், பதிவுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அக்டோபரில் காந்தி ஜெயந்தி வருகிறது. அதே மாதம் ஓஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசையும் அறிவிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, பரிசு பெற்றவர்களை வைத்து ஒரு கட்டம் போட்டேன். "மாவும் தாயும் ஓர் ஒற்றால் சேர்ந்தால் கென்யாவில் மரம் நடுவார் (4)" என்ற குறிப்புக்கு மூவர் மட்டுமே 'மாத்தாய்' என்று எழுதினார்கள். 2004-இல் பரிசு பெற்ற வாங்கரி மாத்தாய்தான். அந்தக் குறிப்புக்காக நான் இரண்டு இரவு தூங்கவில்லை.

தகராறும் வந்தது. 'தெரசா' தவறு, 'தெரஸா'தான் சரி என்றார் ஒருவர். அந்தச் 'சா'விலிருந்து கீழே இறங்குவது சாமந்தி. ஸாமந்தி சூடுபவர் யாரேனும் இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

"ஒளி என்று பொருள், பட்டியலில் மட்டும் ஒளிரவில்லை (3)" என்பதற்கு முக்கால் மணி நேர வாக்குவாதம். காந்தி பரிசே பெறாதபோது எப்படிச் சேர்க்கலாம் என்றார்கள். பெறாததுதான் குறிப்பே. 1937, 38, 39, 47 என்று பரிந்துரையில் பெயர் போய், 1948-இலும் போனது. அந்த ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு பரிசு யாருக்கும் தரப்படவில்லை. தகுந்தவர் உயிரோடு இல்லை என்றது நோபல் குழு. இதை விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. கட்டங்களுக்கு ஆன ஜெராக்ஸ் செலவு பெரிதாகப் பேசப்படுகிறது. நாற்காலி வாடகையில் அது கால்வாசிகூட இல்லை.

அமைதிப் பரிசை வேண்டாம் என்று மறுத்தவர் இதுவரை ஒரே ஒருவர், 1973-இல் வியட்நாமின் லே டக் தோ. ஆண்டுச் சந்தாவை மறுத்தவர்கள் நம் வட்டத்தில் மட்டும் பதினொருவர். பெயர் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

இடம் தந்த மாடி உரிமையாளருக்கும், காப்பி தந்த அவர் வீட்டம்மாவுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. ஆனால் பன்னிரண்டு மாதக் கட்டங்களும் தயார். முதல் கட்டத்தில் காந்தியின் 'ந்' வழியாக மேலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது: "மாதம் பத்து ரூபாய், பலருக்கு மறதி (3)". விடை தெரிந்தவர்கள் பொருளாளரிடம் நேரில் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்