சிசிலியின் மூன்று கணவர்களும் ஒரு சிறுமியின் நிலமும்

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கோல் ஊன்றாமலே காலையில் குளத்தங்கரை வரை போய் வருகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. நாங்கள் அனைவரும் இங்கே நலம். மகன் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் இருவரும் பார்த்த வேலையைத்தான் இங்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பவை 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களின் நகல்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

மருமகளின் தாய்வழிக் குடும்பம் பல தலைமுறைகளாக வர்ஜீனியாவில் வாழ்வது. அவளுடைய பாட்டி எழுதி வைத்த வம்சாவளியின் உச்சியில் சிசிலி என்றொரு பெண்ணின் பெயரும், அதற்கு எதிரே பெய்லி, ஜோர்டன், ஃபாரர் என்று மூன்று கணவர்களின் பெயர்களும் இருக்கின்றன. சிசிலிக்கும் பெய்லிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் டெம்பரன்ஸ் என்ற மகளிலிருந்து கோடு கீழே இறங்கி மருமகள் வரை வருகிறது. இது சரிதானா என்று பார்த்துச் சொல்லும்படி அவள் கேட்டுக்கொண்டாள். பத்திரம் படித்தே காலம் கழித்தவன் என்பதால் மறுக்க மனம் வரவில்லை.

ஆணின் வம்சத்தைத் தேடுவது இங்கே எளிது. பிறந்த நாளில் வைத்த பெயர் சாகும்வரை மாறாது. பெண்ணோ ஒவ்வொரு திருமணத்திலும் ஒரு குடும்பப் பெயரை விட்டு இன்னொன்றுக்குள் போய்விடுகிறாள். கணவன் உயிரோடிருக்கும்வரை அவளுடைய சொத்தும் வழக்கும் அவன் பெயரிலேயே நடந்ததால், கணவன் இறந்து இன்னொருவனை மணப்பதற்கு முந்தைய அந்தக் கைம்மைக் காலத்தில்தான் அவள் தன் பெயரில் ஏட்டில் ஏறுகிறாள். ஆகவே வில்லங்கம் பார்ப்பது போலப் பின்னிருந்து முன்னோக்கிப் போனேன்.

கடைசித் திருமணத்துக்குக் கிடைக்கும் சான்று 1625 ஜனவரியில் எடுத்த தலைக்கட்டுக் கணக்கு. வர்ஜீனியாக் குடியேற்றத்தில் உயிரோடிருந்த ஒவ்வொருவரையும், வயது, வந்த கப்பல், கையிருப்புத் தானியம், துப்பாக்கி உட்பட வீடு வீடாக எழுதிய கணக்கு அது. மூலம் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில், அப்பமாட்டக்ஸ் ஆறு கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த ‘ஜோர்டன்ஸ் ஜர்னி’ என்ற தோட்டத்தில், வில்லியம் ஃபாரரும் திருமதி ஜோர்டனும் சேர்ந்து தலைவர்களாக ஒரே வீடு எழுதப்பட்டிருக்கிறது. ஃபாரருக்கு வயது 31. 1618இல் ‘நெப்டியூன்’ கப்பலில் வந்தவர். சிசிலிக்கு 24, 1610இல் ‘ஸ்வான்’ கப்பலில் வந்தவர். அப்படியானால் கடலைக் கடந்து வந்தபோது அவர் பத்து வயதைத் தொட்ட சிறுமி. பிறகு மேரி ஜோர்டன், வயது 3, “அவருடைய மகள்”; மார்ஜரி ஜோர்டன், வயது 1; டெம்பரன்ஸ் பெய்லி, வயது 7. குழந்தைகள் மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். இந்தச் சில வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதை அந்த எழுத்தர் எந்த விளக்கமும் தராமல் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாம் கணவர் சாமுவேல் ஜோர்டன் பற்றி ஐயம் எதுவும் இல்லை. 1619இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய முதல் பேரவையில் உறுப்பினராக அமர்ந்தவர். 1620 டிசம்பரில் அவருக்கு 450 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. 1616க்கு முன் வந்து தங்கியவர்களைப் ‘பழங்குடியேறிகள்’ என்று வகைப்படுத்தி ஆளுக்கு 100 ஏக்கர் கொடுத்தார்கள்; தன் செலவில் ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். ஜோர்டனின் பட்டாவில் அவருக்கு 100, மனைவி சிசிலிக்கு அவருடைய சொந்த உரிமையில் 100, ஐந்து வேலையாட்களுக்காக 250. மனைவியின் பங்கைத் தனியே சொல்லியிருக்கும் அந்த வரிதான், 1620க்கு முன்பே இருவரும் மணந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. அந்த நிலத்துக்குத் தாய்ப் பத்திரம் எது என்று நம்மைப் போன்றவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. அது பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அவர்களுடைய கையெழுத்து இந்தக் கட்டில் எங்கும் கிடையாது. தங்கள் விளைநிலங்கள் ஒவ்வொன்றாகப் புகையிலைத் தோட்டங்களாகிக் கைவிட்டுப் போவதைப் பார்த்த அவர்கள், 1622 மார்ச் 22 அன்று ஆற்றின் இருகரையிலும் ஒரே நாளில் திருப்பித் தாக்கினார்கள். 347 குடியேறிகள் இறந்தார்கள். ஜோர்டன் அக்கம்பக்கத்தில் தப்பியவர்களைத் தன் இடத்தில் திரட்டி, வேலி அடைத்துக் காத்தார். மறு ஆண்டே அவரும் இறந்துவிட்டார். அப்போது சிசிலி கர்ப்பிணி.

இந்த இடத்தில்தான் சிசிலி பெயராக இல்லாமல் மனுஷியாக எழுந்து வருகிறார். ஜோர்டன் இறந்து மூன்று நான்கு நாட்களுக்குள், கிரெவில் பூலி என்ற பாதிரியார், கேப்டன் மேடிசனைத் தூதாக வைத்துப் பெண் கேட்டார். பேறுகாலம் முடியும்வரை யாரையும் மணக்க மாட்டேன் என்பது சிசிலியின் பதில். பூலியோ அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மதுக்கிண்ணத்தை எடுத்து, நான் உன்னுடையவன், நீ என்னுடையவள் என்று வாக்கும் சொல்லிவிட்டார். கணவர் இறந்த உடனே இப்படி ஒரு பேச்சு வெளியே வந்தால் தனக்கு இழுக்கு என்பதால், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சிசிலி கேட்டுக்கொண்டதாகச் சாட்சியம் இருக்கிறது. பிறகு ஜோர்டனின் சொத்தை நிர்வகிக்கப் பிணை எழுதிக் கொடுத்த வில்லியம் ஃபாரரோடு அவருக்கு மனம் ஒன்றியது. பூலி 1623 ஜூனில் வழக்குத் தொடுத்தார். வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் திருமண வாக்கை மீறியதற்காக நடந்த முதல் வழக்கு என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆளுநர் ஃபிரான்சிஸ் வயட்டின் மன்றத்தால் தீர்க்க முடியாமல் அது லண்டனில், குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனிக்குப் போயிற்று, அங்கும் தீரவில்லை. ஒரே நேரத்தில் இருவருக்கு வாக்குக் கொடுத்தால் தண்டனை உண்டு என்று 1624இல் வயட் ஒரு பொது ஆணையே பிறப்பித்தார்.

வழக்கு முடிந்த விதம் உங்களுக்குப் பிடிக்கும். 1625 ஜனவரி தொடக்கத்தில் பூலி, சிசிலி மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை, இனி எப்போதும் கோரவும் மாட்டேன் என்று 500 பவுண்டு பிணையோடு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் தலைக்கட்டுக் கணக்கு எடுக்க ஆள் வந்துவிட்டதால், ஃபாரரோடு ஒரே வீட்டில் இருந்தும் சிசிலி இன்னும் ‘திருமதி ஜோர்டன்’ என்றே பதிவானார். அவ்வாண்டு மே மாதத்தில் ஃபாரரின் பிணையை மன்றம் ரத்து செய்கிறது. கணவரான பிறகு பிணை தேவையில்லை அல்லவா? ஆகவே அந்த இடைவெளிக்குள் திருமணம் நடந்திருக்க வேண்டும். திருமணப் பதிவேடு என்று ஒன்று இல்லாமலே, ரத்தான ஒரு பிணையை வைத்து ஒரு திருமணத்தை நான்கு மாதத்துக்குள் நிறுத்திவிட முடிகிறது. இதைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நாள் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்து வழக்கில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆதலால் 1625 ஜனவரி என்று நான் எழுதுவது மூல ஏட்டில் 1624 என்றே இருக்கும். இதை மறந்துவிட்டு விடுதலைப் பத்திரத்துக்கு ஓராண்டு முன்பே கணக்கெடுப்பு நடந்ததாக எழுதி வைத்திருக்கும் குடும்ப மரங்களும் உண்டு.

இனி பெய்லி. இங்கேதான் தடம் மெலிகிறது. சிசிலிக்கு பெய்லி என்ற கணவர் இருந்தார் என்று ஓர் ஆவணமும் நேரடியாகச் சொல்லவில்லை. இருப்பவை இவைதாம்: 1624 பிப்ரவரியில் எடுத்த உயிரோடிருப்போர் பட்டியலில் சிசிலியின் வீட்டுப் பெயர்களுக்கு நடுவே டெம்பரன்ஸின் பெயர், ‘பெய்லிஃப்’ என்று சற்றே திரிந்து வருகிறது. மறு ஆண்டுக் கணக்கில் மேற்சொன்ன வரி. பின்னர் 1620களின் நடுவில் லண்டனுக்கு அனுப்பிய நிலப் பட்டியலில், அதே பகுதியில், டெம்பரன்ஸ் பெய்லி பெயரில் 200 ஏக்கர் சாகுபடி நிலம். ஏழெட்டு வயதுச் சிறுமி 200 ஏக்கரை வாங்கியிருக்க முடியாது. அது இறந்துபோன தந்தையிடமிருந்து வந்த சொத்தாகத்தான் இருக்கும். தந்தை பெய்லி, குழந்தை வளர்வது சிசிலியிடம், குழந்தை பிறந்தபோது சிசிலிக்கு வயது 16 அல்லது 17. கோத்துப் பார்த்தால் தாயும் மகளும் என்பது பொருந்தி வருகிறது.

பொருந்துவதாலேயே அது நிரூபணமாகிவிடாது. மேரியை “அவருடைய மகள்” என்று எழுதிய அதே கை, டெம்பரன்ஸுக்கு அப்படி எழுதவில்லை. 1622க்குப் பின் அனாதையான எத்தனையோ பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் வளர்ந்தார்கள். நிலமுள்ள ஒரு மைனர் பெண்ணை ஜோர்டன் குடும்பம் காப்பாளராக ஏற்றிருக்கவும் கூடும். சிசிலியின் பிறந்த வீட்டுப் பெயர் ரெனால்ட்ஸ் என்று பல வம்சாவளிகள் உறுதியாக எழுதுகின்றன. அதற்கு நான் பார்த்த ஏடுகளில் ஒரு வரி ஆதாரமும் இல்லை. ஒருவர் எழுதியதை நூறு பேர் பெயர்த்து எழுதுவதால் அது ஆவணமாகிவிடுமா?

மூன்று முறை மணந்த எல்லாப் பெண்களும் இப்படி மங்கிப் போகவில்லை. அதே வர்ஜீனியாவில் லின்ஹேவன் ஆற்றங்கரையில் வாழ்ந்த சாரா ஆஃப்லி, ஆடம் தரோகுட், ஜான் கூக்கின், ஃபிரான்சிஸ் யார்ட்லி ஆகிய மூவரையும் முறையே மணந்து 1657இல் இறந்தார்; மூன்று கணவர்களின் பெயர்களும் அவருடைய கல்லறைக் கல்வெட்டிலேயே வரிசையாக இருந்தன. தம் வைர மாலையை இங்கிலாந்துக்கு அனுப்பி, அந்தப் பணத்தில் கல்லறைக் கற்கள் வாங்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்த பெண்மணி அவர். சிசிலிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஃபாரர் இறந்தபின் 1637இல் மகன் வில்லியம் 2,000 ஏக்கருக்கு வாரிசாகப் பட்டா பெறுகிறார். தாய் அப்போது இருந்தாரா என்று அந்தப் பட்டா சொல்லவில்லை. குடியேற்றத்தின் உயர் நீதிமன்ற ஏடுகளில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஏப்ரலில், நான் இப்போது இருக்கும் இந்த ரிச்மண்ட் நகரிலேயே எரிந்து போயிற்று. 1620களின் மன்றக் குறிப்புகள் தாமஸ் ஜெஃபர்சன் சேர்த்து வைத்த கையெழுத்துப் படிகளில் இருந்ததால்தான் பூலியின் வழக்கை நாம் இன்று படிக்கிறோம்.

மருமகளிடம் இதுவரை ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வம்சம் ஃபாரரின் மகன்கள் வழியாக இறங்கியிருந்தால் சிசிலி வரை தயங்காமல் எழுதலாம். டெம்பரன்ஸ் வழியாக இறங்குவதால், டெம்பரன்ஸுக்கு மேலே முழுக்கோட்டைப் போடாமல் புள்ளிக்கோடு போட்டு, அருகில் காரணத்தையும் எழுதி வைப்போம் என்றேன். அவள் முகம் வாடியது உண்மை. ஆனாலும் பாட்டியின் தாளில் தன் கையாலேயே அந்தக் கோட்டை மாற்றிப் போட்டாள்.

மைனர் சொத்துப் பத்திரங்களை என்னைவிட அதிகம் பார்த்தவர் நீங்கள். ஒரே வீடு, வேறு குடும்பப் பெயர், மகள் என்ற சொல் இல்லை, ஆனால் பக்கத்திலேயே தனி நிலம். இவ்வளவை மட்டும் முன்னால் வைத்து வாரிசு என்று கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? காப்பாளரிடம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் வேறு எந்த அடையாளத்தைத் தேடுவீர்கள்? விவரமாக எழுதுங்கள், அடுத்த வாரம் மாநில நூலகத்தில் பட்டாப் புத்தகங்களின் படிகளைப் பார்க்கப் போகிறேன், அதற்கு முன் உங்கள் கருத்து கிடைத்தால் உதவியாக இருக்கும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்