உடைந்த புல்லி குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பட்டறையில் வார்த்த புல்லி (இயந்திரப் பட்டை ஓடும் இரும்புச் சக்கரம்) ஒன்று செம்பனை எண்ணெய் ஆலையில் உடைந்ததும், உடைந்த இடத்தில் தெரிந்த குழியின் படத்தோடு "மட்டமான பழைய இரும்பை உருக்கி ஊற்றிவிட்டார்கள்" என்ற செய்தி சுங்கை சிப்புட் வட்டாரப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுவதும் உங்களுக்குத் தெரியும். உடைந்தது எங்கள் தவறுதான். ஆனால் இரும்பில் ஏமாற்றினோம் என்ற பேச்சை எங்களால் ஏற்க முடியவில்லை. பழைய இரும்பை உருக்காத வார்ப்புப் பட்டறை எது? அதைத் தரம் பிரிப்பதில்தான் தொழில் இருக்கிறது.

அந்தத் துண்டை நாங்களே கேட்டு வாங்கிப் பார்த்தோம். குழிக்குள் புட்டிக் கண்ணாடி போலப் பச்சையாகப் பளபளத்தது உலைக் கசடு, அதாவது இரும்பு உருகும்போது சாம்பலும் அழுக்கும் உருகிச் சேரும் கழிவு. உலையில் எரிக்கும் கல்கரி (சுட்டுப் பதப்படுத்திய நிலக்கரி) எரிந்தபின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். சிலிக்கா மிகுந்த கசடு பாகாக இழுபடும். சுண்ணாம்புக்கல் வெந்து வரும் சுண்ணாம்புதான் சிலிக்காவின் பிணைப்பை அறுத்துக் கசடை ஓட வைக்கிறது. 100 கிலோ கல்லில் கிடைப்பது 56 கிலோ சுண்ணாம்புதான் என்பதால் கணக்குத் தப்பக் கூடாது; அதற்காக அள்ளிக் கொட்டினாலும் உருகாத துகள்கள் சேர்ந்து கசடு மறுபடி கெட்டிப்படும், உலையின் உட்செங்கல்லையும் அரிக்கும். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் பெரிய ஊதுலைகளில் சுண்ணாம்பைச் சிலிக்காவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ வைத்து, 1,500 டிகிரி செல்சியஸ் அளவில் கசடை ஓட விடுகிறார்கள். அங்கும் கசடு கெட்டிப்பட்டால் கல்கரி இடுக்குகளில் தேங்கிக் காற்று மேலேறும் வழியை அடைக்கும். இரும்பிலிருந்து கந்தகம் பிரிவதும் மந்தமாகும். அவர்களிடம் ஆய்வகம் உண்டு. நம்மிடம் இருந்தது உலைக்கார அண்ணனின் கண்.

கசடு வடியும் உலை வாயில் கம்பியை விட்டு அவர் தூக்கிப் பார்ப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கசடு நூலாக நீண்டால் இன்னும் கல் போடச் சொல்வார். துளியாக அறுந்து விழுந்தால் தலையசைப்பார். அவர் ஓய்வு பெற்று ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போன அதே மாதம், விலையேற்றத்தால் கல்கரியையும் வேறிடத்தில் வாங்கத் தொடங்கியிருந்தோம். அதில் சாம்பல் கூடுதல். நாங்களோ பழைய அளவிலேயே கல் போட்டோம். கெட்டிப்பட்ட கசடு வாய் வழியே வடியாமல் இரும்போடு சேர்ந்து அச்சுக்குள் போய்விட்டது.

இப்போது 100 கிலோ கல்கரிக்கு 25 கிலோவாக இருந்த சுண்ணாம்புக்கல்லை 32 கிலோவாக்கி, ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போடுகிறோம். கம்பிச் சோதனையை அண்ணனின் தம்பி மகன் பழகி வருகிறார்.

என் தந்தையார் ரப்பர் ஷீட் உருளைகள் வார்த்த காலத்திலிருந்து வருபவர்களுக்கும், படத்தைப் பிறருக்கு அனுப்புமுன் எங்களை அழைத்துக் கேட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாதத்தில் பொருள் வாங்கியவர்கள் கொண்டு வந்தால், தட்டிப் பார்த்து, ஐயமிருப்பின் இலவசமாக மாற்றித் தருவோம். அடுத்த மாதம் முதல் விலை கிலோவுக்கு 80 சென் கூடும். சனிக்கிழமைகளில் பட்டறை திறந்திராது.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்