நீர் வேறு, ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளியான வேதிச் சமன்பாடுகள் பற்றிய கட்டுரையில், இருபுறமும் அணுக்களின் எண்ணிக்கை பொருந்தும்வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. 22 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில், இடப்புறம் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு. நீரின் மூலக்கூறிலோ ஒன்றுதான். கட்டுரையாளர் சொன்னபடி நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனின் காலடியில் ஒரு 2 எழுதினால் கணக்கு உடனே நேராகிவிடும். ஆனால் அங்கே இருப்பது நீரன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு. குடிக்கும் பொருளும் வெளுக்கப் பயன்படும் பொருளும் ஒன்றாகுமா? அப்படிக் காலடியில் எழுதும் கீழெண் ஒரு பொருள் இன்னதென்று சொல்வது. அதைத் தொடும் உரிமை நமக்கில்லை. மாற்றத்தக்கது வாய்பாட்டுக்கு முன்னால் நிற்கும் கெழு மட்டுமே. ஹைட்ரஜன் மூலக்கூறுகள் 2, ஆக்சிஜன் மூலக்கூறு 1, விளைவது நீர் மூலக்கூறுகள் 2. அதே விகிதத்தை எடையில் பார்த்தால் ஹைட்ரஜன் 4 கிராமும் ஆக்சிஜன் 32 கிராமும் சேர்ந்து நீர் 36 கிராம். வினைக்கு முன்னும் பின்னும் நிறை மாறுவதில்லை என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தராசு கொண்டு காட்டி, 1789-இல் நூலிலும் எழுதிவைத்தார் என்பது தாங்கள் அறியாததன்று.

என் பள்ளி நாள்களில் இதே பிழையைச் செய்தபோது, ஆசிரியர் காரணம் சொல்லாமல் விடையைக் கோடிட்டு அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். சமன்செய்தல் என்பது எண்களைத் தட்டித் தடவிப் பொருத்தும் வேலை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அதனால் என் வகுப்பில் இரு நிறப் பொத்தான்களை மேசையில் பரப்பித்தான் தொடங்குவேன். ஒரு முறை ஒரு மாணவி, "ஆக்சிஜன் பொத்தான் ஒன்று மிஞ்சுகிறதே, அது எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் தானே இன்னொரு ஹைட்ரஜன் இணையை எடுத்து வைத்து இரண்டாவது நீர் மூலக்கூறை அமைத்தாள். அவளுக்கு விதி எதையும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தங்கள் இதழில் இது முதல் முறையன்று. சென்ற ஆண்டு மீத்தேன் எரிதலின் சமன்பாட்டில் கீழெண்கள் யாவும் மற்ற எண்களின் அளவிலேயே அச்சாகி, கெழு எது, கீழெண் எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. அதற்கு முன்னர் வேறொரு சமன்பாட்டில் அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது. இரண்டுக்கும் எழுதினேன், இரண்டுக்கும் பதில் வரவில்லை. அச்சுப்பிழை என்று அப்போது பொறுத்துக்கொண்டேன். இம்முறை பிழையே விதியாக அச்சேறியிருக்கிறது; அதை நம்பித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளை நினைத்தால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், கெழுவை மட்டுமே மாற்ற வேண்டும், கீழெண்ணை மாற்றக் கூடாது என்ற திருத்தத்தை இரண்டு வரியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்